எழுத்துருப் பெயருக்குள் ஒளிந்து வரும் கட்டளை

பேராவூரணியில் நீலகண்டப் பிள்ளையார் கோயில் சித்திரைத் திருவிழா நெருங்கும்போது டிடிபி கடைகளில் வேலை குவியும். திருவிழா நோட்டீஸ், வாழ்த்து ஃபிளக்ஸ், முகூர்த்தத்துக்குக் கல்யாணப் பத்திரிகை. "அண்ணே, மாப்பிள்ளை பேரை மட்டும் அந்த வளைஞ்ச எழுத்துல போடுங்க" என்பார் ஒருவர். கடைக்காரர் ஃபான்ட் பட்டியலைத் திறந்து நாலைந்து மாதிரிகளைக் காட்டுவார். பிடித்ததை விரல்வைத்துக் காட்டினால் போதும். வாடிக்கையாளர் கேட்பதை ஒரு மனிதர் புரிந்துகொண்டு செய்கிறார். வாடிக்கையாளர் வாயிலிருந்து வருவது எதுவும் நேரே கணினிக்குள் போவதில்லை.

இதே வேலை இப்போது இணையத்திலும் நடக்கிறது. அழைப்பிதழோ கடைக்கான பக்கமோ நாமே வடிவமைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் தளங்களில் நிறம், அளவு, எழுத்துரு என்று பெட்டிகள் இருக்கும். எழுத்துருப் பெட்டியில் தட்டுவது யார், என்ன நோக்கத்தோடு தட்டுகிறார் என்பது தளத்துக்குத் தெரியாது. அந்தப் பெயர் பக்கத்தின் அலங்காரக் குறிப்புக்குள் அப்படியே போய் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் திறக்கும் சொந்தக்காரர்கள் எல்லோருடைய பிரவுசரும் அந்த வரியைப் படிக்கிறது.

அங்கேதான் ஆபத்து.

இணையப் பக்கங்களின் அலங்காரம் சிஎஸ்எஸ் என்ற மொழியில் எழுதப்படுகிறது. எழுத்துருவைக் குறிக்கும் வரியில் முதலில் பண்பின் பெயர் வரும். பிறகு முக்காற்புள்ளி, மேற்கோளுக்குள் எழுத்துருவின் பெயர், முடிவில் ஓர் அரைப்புள்ளி. புரிவதற்காகத் தமிழில் எழுதினால் இப்படி:

எழுத்துரு: "லதா";

பயனர் 'லதா' என்று மட்டும் எழுதினால் சிக்கல் இல்லை. பெயருக்குப் பின்னால் அவரே ஒரு மேற்கோள்குறியையும் அரைப்புள்ளியையும் போட்டு, மேலே எழுதிக்கொண்டே போனால்?

எழுத்துரு: "லதா"; பின்னணி: படம்(வெளித்தளம்);

பெயர் பயனர் போட்ட மேற்கோளோடு முடிந்துவிட்டது என்று பிரவுசர் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தைத் தளத்தின் உரிமையாளரே எழுதிய கட்டளையாக மதித்து நிறைவேற்றும். அந்தப் படத்தைக் கேட்டு வெளித்தளத்துக்குப் போகும் ஒவ்வொரு அழைப்பும், பக்கம் எங்கிருந்து, எப்போது திறக்கப்பட்டது என்பதை அங்கே பதிந்துவைக்கும். நெளிவு அடைப்புக்குறி ஒன்றை மூடத் தெரிந்தவர் புதிய விதிகளையே சேர்க்கலாம்: பக்கத்தில் மறைந்திருக்கும் ரகசியக் குறியீடு 'அ' என்று தொடங்கினால் இந்தப் படத்தை எடு, 'ஆ' என்று தொடங்கினால் அந்தப் படத்தை எடு என்று. எந்தப் படம் கேட்கப்பட்டது என்று பார்த்தே ரகசியத்தை எழுத்தெழுத்தாகக் கறந்துவிட முடியும். அலங்காரப் பகுதியையே முடித்துவைக்கும் குறியை உள்ளே நுழைக்க முடிந்தால் அடுத்து வருவது முழு நிரல்தான்.

அலங்காரப் பெட்டி வழியே என்ன நடக்கும் என்பதை உலகம் 2005 அக்டோபர் 4 அன்று பார்த்தது. சாமி கம்கார் என்ற 19 வயது அமெரிக்க இளைஞர் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் தன் பக்கத்தை அலங்கரிக்கும் இடத்தில் சிறு நிரல் ஒன்றைச் செருகினார். அவர் பயன்படுத்திய வழி எழுத்துரு அல்ல, அதன் பக்கத்து வீடான பின்னணிப் படம். 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லைக் கண்டால் மைஸ்பேஸின் வடிகட்டி நீக்கிவிடும். அவர் அந்தச் சொல்லின் நடுவே ஒரு வரி முறிவைப் போட்டார். வடிகட்டிக்கு அது வேறு சொல்லாகத் தெரிந்தது; அன்றைய சில பிரவுசர்களோ முறிவைப் பொருட்படுத்தாமல் சேர்த்தே படித்தன. அவர் பக்கத்தைப் பார்த்தவர்கள் தங்களை அறியாமலே அவருக்கு நண்பர் வேண்டுகோள் அனுப்பினார்கள்; அவர்கள் பக்கத்திலும் அதே நிரல் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் முடிவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்கு அது பரவ, தளத்தையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. 2007-இல் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 90 நாள் சமூக சேவையும் விதித்தது.

இன்றைய பிரவுசர்களில் அந்தக் குறிப்பிட்ட ஓட்டை இல்லை. ஆனால் வடிகட்டி ஒன்றைப் படிக்க பிரவுசர் வேறொன்றைப் படிப்பது என்ற அடிப்படைக் கோளாறு அப்படியே இருக்கிறது. சிஎஸ்எஸ்ஸில் எந்த எழுத்தையும் ஒரு பின்சாய்கோடும் அதன் எண்ணுமாக எழுதலாம். நடுவே குறிப்புரைகளைச் செருகலாம். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் பழைய வடிகட்டியைப் பார்த்தால் இந்தத் தலைவலி எவ்வளவு தூரம் போனது என்று தெரியும். ஜப்பானியத் தட்டச்சில் வரும் அகன்ற ஆங்கில எழுத்துகளைக்கூட சாதாரண எழுத்தாக மாற்றிவிட்டுத்தான் அது சோதனையைத் தொடங்கும். பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அவற்றையும் கட்டளையாகப் படித்துத் தொலைத்ததே காரணம்.

கெட்டதைப் பட்டியல் போட்டுத் தடுக்கும் வேலைக்கு முடிவே கிடையாது. காவிரி டெல்டாவின் நெல் கொள்முதல் நிலையத்தில் எந்தெந்த நெல் கூடாது என்று எழுதி ஒட்டுவதில்லை. ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருந்தால் எடுத்துக்கொள்வோம் என்று ஏற்கத்தக்கதற்குத்தான் அளவு வைக்கிறார்கள். எழுத்துருப் பெயருக்கும் அப்படித்தான் அளவு வைக்க வேண்டும். அந்த அளவு எது என்னும்போதுதான் தமிழுக்கே உரிய சிக்கல் தலைகாட்டுகிறது.

பல நிரலாளர்கள் எழுதும் முதல் விதி: ஆங்கில எழுத்து, எண், இடைவெளி, இணைப்புக்கோடு ஆகியவை மட்டும் வரலாம். பாதுகாப்பான விதிதான். ஆனால் தமிழிலேயே பெயர் கொண்ட எழுத்துரு வாசலோடு நின்றுவிடும். சரி, எந்த மொழியின் எழுத்தாக இருந்தாலும் வரட்டும் என்று, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் வகுக்கும் யூனிகோடின் 'எழுத்து' வகையைத் திறந்துவிட்டால் போதுமா? போதாது. யூனிகோட் கணக்கில் க, ம, ழ எழுத்துகள். புள்ளியும் கொம்பும் காலும் விசிறியும் எழுத்துகள் அல்ல, 'குறிகள்' என்ற தனி வகை. பைத்தான் மொழியின் வழக்கமான சொல்விதியிடம் 'தமிழ்' என்று கொடுத்துப் பார்த்தால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாக வெட்டித் தரும். நம் மொழியின் பெயரே தேறாத சோதனையைப் பாதுகாப்பு என்று ஏற்க முடியாது. குறிகள் வகையையும் சேர்த்து அனுமதித்தால்தான் விதி முழுமையாகும்.

இன்னொன்று உண்டு. 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: முழு ஒகரக் குறியை ஒரே எண்ணாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனி எண்களாக. திரையில் இம்மி வித்தியாசம் தெரியாது. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால், பட்டியலில் இருக்கும் பெயரையே இல்லை என்று சொல்லிவிடும் நிரல்.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் வேறு விதமான சோதனை. ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் வேரூன்றி, தமிழ்நாட்டிலும் பலருக்குக் கைப்பழக்கமான பாமினியில் 'தமிழ்' என்பது ஐந்து விசைகள்: ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. ழகரத்தின் தலையில் புள்ளி வைப்பது அந்த அரைப்புள்ளிதான். சிஎஸ்எஸ்ஸில் கட்டளையை முடித்துவைப்பதும் அதே அரைப்புள்ளி. சதுர அடைப்பின் ஒரு பாதி அங்கே 'ஜ'. ஆக, பெயரை மேற்கோளுக்குள் வைக்காத தளமாக இருந்தால், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத ஒருவர் பாமினியில் தட்டியதைப் பெட்டியில் ஒட்டினாலே பக்கத்தின் அலங்காரம் கலைந்துபோகலாம். தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் யூனிகோடை ஏற்று ஆணையிட்ட பிறகும் பழைய கோப்புகளும் பழைய விரல்களும் புழக்கத்தில்தான் இருக்கின்றன. இப்படி ஒட்டுபவரை "தவறான உள்ளீடு" என்று ஒற்றை வரியில் விரட்டாமல், யூனிகோடில் எழுதச் சொல்லி வழிகாட்டுவது தளத்தின் கடமை.

எல்லாவற்றிலும் எளிய வழி, டிடிபி கடைக்காரர் செய்வதுதான்: பட்டியலைக் காட்டி எடுக்கச் சொல்வது. விண்டோஸ் 2000 முதல் வந்த லதா, விண்டோஸ் 8 முதல் வந்த நிர்மலா யூஐ, முத்து நெடுமாறன் உருவாக்கி ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற இணைமதி, கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ், பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரன் என்று ஒரு வரிசை. பயனரிடமிருந்து வருவது வெறும் தெரிவு எண். பக்கத்தில் எழுதப்படும் பெயர் தளம் தன்னிடம் வைத்திருக்கும் பெயர். பயனர் தட்டிய ஓர் எழுத்துகூட உள்ளே போகாது. பெரும்பாலான தளங்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

பட்டியலுக்கு வெளியே பெயர் வாங்கியே தீர வேண்டிய இடங்களும் உண்டு. அங்கே வந்ததைச் சுத்தம் செய்து ஒட்டக் கூடாது. பிரித்துப் படித்து, புதிதாக எழுத வேண்டும். நீளத்துக்கு வரம்பு, ஏற்ற எழுத்துகள் மட்டும், மேற்கோளைத் தளமே போடுவது, ஐயம் வந்தால் முழுப் பெயரையும் ஒதுக்குவது. மேற்கோளிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 'பிரஸ் ஸ்டார்ட் 2பி' என்ற எழுத்துருவின் கடைசிச் சொல் எண்ணில் தொடங்குவதால் மேற்கோள் இல்லாமல் செல்லாது. மாறாக, செரிஃப், மோனோஸ்பேஸ் போன்ற பொதுப் பெயர்களுக்கு மேற்கோள் போட்டால் பொதுப்பொருள் போய், அந்தப் பெயரில் ஓர் எழுத்துருவைத் தேடத் தொடங்கிவிடும் பிரவுசர்.

இந்த வழியை ஊரறியச் செய்து காட்டியதும் விக்கிப்பீடியாதான். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா உட்பட எல்லா விக்கிப்பீடியாக்களிலும், பல பக்கங்களில் பயன்படும் வார்ப்புருக்களுக்குப் பயனர்களே அலங்காரம் எழுதலாம். அதற்காக வந்த டெம்ப்ளேட்ஸ்டைல்ஸ் என்ற நீட்சி, பயனர் எழுதியதை இலக்கணப்படி துண்டுதுண்டாகப் பிரித்து, தனக்குத் தெரிந்த பண்புகளை மட்டும் எடுத்து மீண்டும் கட்டுகிறது. பயனர் புதிதாக ஓர் எழுத்துருவை அறிவித்தால் அதன் பெயர் 'டெம்ப்ளேட்ஸ்டைல்ஸ்' என்ற முன்னொட்டோடுதான் தொடங்க வேண்டும். லதா என்று பெயர் வைத்து உண்மையான லதாவின் இடத்தில் வேறொன்றை நுழைக்க முடியாது. முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் எழுதும் இடத்தில் இத்தனை கண்டிப்பும் நியாயமே.

பெயரைச் சரிபார்ப்பது கோப்பைச் சரிபார்ப்பதாகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2011-இல் கண்டுபிடிக்கப்பட்ட டுகு என்ற உளவு நிரல், வேர்ட் கோப்புக்குள் பதிந்த 'டெக்ஸ்டர் ரெகுலர்' என்ற எழுத்துரு வழியாக விண்டோஸின் உட்பகுதிக்குள் நுழைந்தது. பெயரில் ஒரு குற்றமும் இல்லை. எனவே பயனர் எழுத்துருக் கோப்பையே ஏற்றலாம் என்று அனுமதிக்கும் தளத்துக்கு வேலை இரண்டு மடங்கு.

தன் தளத்தின் பெட்டியைச் சோதிக்க விரும்பும் நிரலாளர் சில பெயர்களைத் தட்டிப் பார்க்கலாம். புள்ளியும் ஒகரமும் கலந்த ஒரு தமிழ்ப் பெயர். எண்ணில் தொடங்கும் சொல் கொண்ட பெயர். மேற்கோளும் அரைப்புள்ளியும் சேர்ந்த ஒன்று. பின்சாய்கோடு வைத்த ஒன்று. நடுவே வரி முறிந்த ஒன்று. பாமினியில் தட்டிய 'தமிழ்'. முதல் இரண்டும் தடையின்றிப் போக வேண்டும். மற்ற நான்கும் வாசலிலேயே நின்று, ஏன் நின்றன என்பதைத் தமிழில் சொல்லும் ஒரு செய்தி திரையில் வர வேண்டும்.