துருவ விண்மீன் தாழ்ந்த கரையில்: மன்னாரில் தொலைநோக்கித் தாங்கியை நேர்ப்படுத்தல்

வானியல் ஒளிப்படக்கலை பற்றிய கையேடுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எழுதப்படுபவை. தொலைநோக்கித் தாங்கியின் அச்சைத் துருவ விண்மீனை நோக்கித் திருப்புக என்பதே அவற்றின் முதல் அறிவுரை. நாற்பது, ஐம்பது பாகை அகலாங்கில் வாழ்வோருக்கு இஃது எளிய செயலாகும். மன்னார்த் தீவோ வட அகலாங்கு ஏறத்தாழ 9 பாகையில் அமைந்தது. ஓரிடத்தின் அகலாங்கும், அங்கு அடிவானிலிருந்து வான்துருவம் நிற்கும் உயரமும் ஒன்றே. எனவே தலைமன்னார்க் கரையில் நின்று வடக்கே நோக்குவோருக்குத் துருவ விண்மீன் பாக்கு நீரிணைக்குச் சற்று மேலேயே தோன்றும். அவ்வுயரத்திலிருந்து வரும் ஒளி, தலைக்கு மேலிருந்து வரும் ஒளியைக் காட்டிலும் ஏறத்தாழ ஆறு மடங்கு வளியைக் கடந்து வருகின்றது. கடலாவி மிகுந்த இரவுகளில் அது கண்ணுக்குப் படாது. ஊருக்குள்ளே பனைமரங்கள் அதனை மறைத்துவிடும். இத்தகைய இடத்தில் தாங்கியை நேர்ப்படுத்தும் முறையை விளக்குவதும், அம்முறை எவருடைய உழைப்பால் உருவாயிற்று என்பதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நேர்ப்படுத்தலின் தேவை

புவி சுழல்வதால் வானம் ஒரு செக்கனுக்கு 15 விகலை வீதம் நகர்வதாகத் தோன்றுகின்றது. ஒரு பாகையில் 60 கலைகளும் ஒரு கலையில் 60 விகலைகளும் உள்ளன. இந்நகர்வைத் தொடர்வதற்குத் தாங்கியின் அச்சு புவியின் அச்சுக்கு இணையாக இருத்தல் வேண்டும். அச்சு 10 கலை விலகியிருப்பின், மூன்று நிமிட ஒளிபதிவில் விண்மீன் 8 விகலை வரை வழுவக்கூடும். 400 மில்லிமீற்றர் குவியத்தூரமுடைய தொலைநோக்கியில், பொதுவாக வழங்கும் உணரியொன்றில், இது நான்கு படப்புள்ளிகளுக்குச் சமம். புள்ளியாக அமைய வேண்டிய விண்மீன் கோடாகிவிடும்.

தாழ்ந்த அகலாங்குக்கு மேலும் ஓர் இடர் உண்டு. திசைக் கோணத்தில் ஒரு பாகை பிழை நேர்ந்தால், இலண்டனில் அச்சு துருவத்திலிருந்து 37 கலை மட்டுமே விலகும். மன்னாரிலோ 59 கலை விலகும். கிழக்கு மேற்காகத் திருப்பும் திருகாணியே இங்கு மிகுந்த கவனத்தை வேண்டி நிற்கின்றது.

தட்டுத்தீர்வு

விண்மீன்களைக் கண்ணாடித் தட்டில் பதிந்த காலத்தில், தட்டிலுள்ள புள்ளிகளை அளந்து அது வானின் எப்பகுதி எனத் துணிவதே தட்டுத்தீர்வு எனப்பட்டது. இன்று கணினி அதனைச் சில செக்கன்களில் செய்கின்றது. 2010 ஆம் ஆண்டில் விரிவாக விளக்கி வெளியிடப்பட்ட அஸ்ரோமெற்றி டொட் நெற் என்னும் திறந்த மென்பொருளின் முறை வருமாறு: படத்திலிருந்து நான்கு விண்மீன்கள் தெரிவு செய்யப்படும். அவற்றுள் மிக விலகிய இரண்டு அளவுகோலாகக் கொள்ளப்பட்டு, ஏனைய இரண்டின் இருப்பிடங்கள் நான்கு எண்களாகக் குறிக்கப்படும். படத்தைச் சுழற்றினும் பெருக்கினும் இவ்வெண்கள் மாறா. முன்னரே தொகுத்த அட்டவணையில் இதே எண்களுடைய நால்வர் கூட்டம் தேடப்படும். பொருந்தியதும் படத்திலுள்ள பிற விண்மீன்களைக் கொண்டு முடிவு சரிபார்க்கப்படும்.

இதனைத் துருவ நேர்ப்படுத்தலுக்குப் பயன்படுத்தும் வழி எளிது. வானின் தெளிந்த பகுதியொன்றில் ஒரு படம் எடுக்கப்படும். தாங்கியை அதன் துருவ அச்சில் மட்டும் ஏறத்தாழ 30 பாகை திருப்பி இரண்டாவதும், மீண்டும் திருப்பி மூன்றாவதும் எடுக்கப்படும். மூன்று படங்களின் மையங்களும் வான்கோளத்தில் ஒரு வட்டத்தின் மேல் அமையும். அவ்வட்டத்தின் மையமே தாங்கியின் அச்சு உண்மையில் நோக்கும் இடம். அதற்கும் வான்துருவத்துக்கும் உள்ள வேறுபாட்டை, எவ்வளவு உயர்த்துக, எவ்வளவு திருப்புக என மென்பொருள் கூறும். துருவ விண்மீனைக் காண வேண்டிய தேவையே இல்லை. கேஸ்ரார்ஸ் என்னும் இலவச மென்பொருளில் இவ்வசதி உண்டு. அட்டவணையை முன்னரே பதிந்து வைத்தால் இணையத் தொடர்பும் வேண்டியதில்லை.

சில எச்சரிக்கைகள் அவசியமானவை. அட்டவணைகள் பெரும்பாலும் 2000 ஆம் ஆண்டின் வானைக் குறிப்பவை. அயனச் சலனத்தால் துருவம் அதன்பின் எட்டுக் கலைக்கு மேல் நகர்ந்துள்ளதால், இன்றைய துருவத்தைக் கணித்தே திருத்த வேண்டும். இடமும் நேரமும் கணினியில் சரியாகப் பதியப்பட வேண்டும். 9 பாகை உயரத்தில் ஒளிமுறிவு துருவத்தை ஏறத்தாழ 6 கலை உயர்த்திக் காட்டும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அச்சு கிடையாகச் சாய்வதால் எதிர்ப்பாரம் முக்காலியின் காலில் மோதக்கூடும். இடையே சிறு தூணொன்று பொருத்துதல் நன்று. மன்னாரின் மணலில் முக்காலி மெல்ல அமிழும். ஒவ்வொரு காலின் கீழும் பலகை இடுதல் வேண்டும்.

எவருடைய உழைப்பு?

இவ்வசதியைக் கருவி விற்போரின் கொடையெனக் கருதுவது தவறு. 1887 ஆம் ஆண்டு பாரிசில் தொடங்கப்பட்ட வான்படத் திட்டத்தில் ஏறத்தாழ இருபது அவதான நிலையங்கள் வானைப் பங்கிட்டுக்கொண்டு தட்டுகளில் பதிந்தன. பிற நிலையங்கள் நிறைவேற்றாத பகுதிகளை ஐதராபாத்தின் நிசாமியா அவதான நிலையம் ஏற்றது. தெற்கே 17 முதல் 23 பாகை வரையும் வடக்கே 36 முதல் 39 பாகை வரையும் அதன் பங்காயின. பல நிலையங்களில் தட்டுகளை அளந்தோர் பெயர் அறியப்படாத பெண்கள். இவ்வளவீடுகள் இப்பார்கொஸ் செய்மதியின் 1989-1993 அவதானங்களோடு இணைக்கப்பட்டு, 25 இலட்சம் விண்மீன்களைக் கொண்ட தைக்கோ-2 அட்டவணை 2000 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மேற்கூறிய மென்பொருளின் அட்டவணைகளுள் ஒரு பகுதி இதிலிருந்தே ஆக்கப்பட்டது.

ஆகவே தலைமன்னாரில் ஒருவர் பெறும் தீர்வில் ஐதராபாத்தில் அளந்தோரின் உழைப்பும் கலந்துள்ளது. அட்டவணை யாவருக்கும் திறந்திருப்பதனாலேயே, வட நாட்டவர்க்கென எழுந்த கருவி தென்கரையிலும் பயன்படுகின்றது. ஓமெகா சென்ரோறி என்னும் விண்மீன் கொத்து இலண்டனில் ஒருபோதும் உதிப்பதில்லை. மன்னாரில் அது 33 பாகை உயரத்துக்கு எழும். இவ்வானைப் பதியும் வாய்ப்பு நம் மாணவர்க்குக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. குறைவது தாழ்ந்த அகலாங்குக்கென எழுதப்பட்ட தமிழ்க் கையேடே. அதனை ஆக்குதல் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் கடமையாகும்.