ஸ்பீக்கர் வாங்கப் போகிறீர்களா?
கஞ்சிக்கோடு:

ஓணம் போனஸ் கைக்கு வந்ததும் ஸ்பீக்கர் பெட்டி வாங்கக் கிளம்பும் தமிழ்த் தொழிலாளர்கள் இங்கே உண்டு. ஒருவருக்கு அதிர வேண்டும்; இன்னொருவருக்குக் குரல் தெளிவாக வேண்டும். "அவரவர் ரசனை" என்று விட்டுவிடலாமா? வியர்வை சிந்திய பணமாயிற்றே!

கனடா நாட்டு தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் விஞ்ஞானி பிளாய்ட் டூல் 1980-களில் இதைச் சோதித்தார். பெட்டிகளைத் திரைக்குப் பின்னால் மறைத்துக் கேட்க வைத்தார். பெயர், விலை தெரியாதபோது பெரும்பாலோர் ஒரே விதமான பெட்டிகளையே மெச்சினர். கருவியில் அளந்தால், அடித்தொனி முதல் உச்சத்தொனி வரை எதையும் கூட்டாமல் குறைக்காமல் ஒலித்தவை அவை!

ஆக, காதும் கருவியும் பகையல்ல, கண்தான் ஏமாற்றுகிறது. கடையில், பழகிய பாட்டு ஒன்றை இரண்டு பெட்டிகளிலும் ஒரே சத்த அளவில் போடச் சொல்லுங்கள். உரக்க ஒலிப்பது நல்லதுபோல் மயக்கும். கண்ணை மூடிக் கேளுங்கள். பிறகு பணத்தை எடுங்கள்.