தீப்பொறி பறக்கும்போதே குறை தெரியும்!

பட்டர்வொர்த், பிறை வட்டாரத்தில் ஓர் இரும்புப் பட்டறையைக் கடந்து போனால் கண்ணைக் கூசவைக்கும் நீல ஒளியைப் பார்த்திருப்பீர்கள். நம்மவர் பலருக்குச் சோறு போடும் வெல்டிங் வேலை அது. அந்த வேலை சரியாக அமைந்ததா என்று எப்படி அறிவது? அதுவே இன்றைய தலைப்பு.

வெளியே அழகாகத் தெரியும் இணைப்பின் உள்ளே காற்றுக் குமிழ் இருக்கலாம். இரு தகடுகளும் முழுமையாக உருகிச் சேராமலும் போயிருக்கலாம். சின்னக் குறைதானே என்று விட்டுவிட முடியுமா? 1980 மார்ச் 27ஆம் நாள் வட கடலில் 'அலெக்சாண்டர் கீலண்ட்' என்ற மிதவை மேடை கவிழ்ந்தது. அதில் இருந்த 212 பேரில் 123 பேர் மாண்டனர். ஒரு கருவியைப் பொருத்துவதற்காகத் தாங்கு குழாயில் போட்ட வெறும் 6 மில்லிமீட்டர் வெல்டிங்கில் இருந்த குறையிலிருந்தே விரிசல் வளர்ந்தது என்று விசாரணையில் தெரியவந்தது.

இப்போது பெரும்பாலும் வேலை முடிந்த பிறகே எக்ஸ்ரே, மீயொலிச் சோதனைகள் செய்கிறோம். அப்போது குறை தெரிந்தால் அந்த இடத்தைத் தேய்த்தெடுத்து மறுபடியும் பற்றவைக்க வேண்டும். நேரமும் பணமும் வீண்.

இங்கேதான் ஒளியிழை உதவிக்கு வருகிறது. நம் வீட்டுக்கு இணையச் சேவையைக் கொண்டுவரும் அதே கண்ணாடி இழைதான். தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. வெல்டிங்கில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பாயும்போது செம்புக் கம்பியில் வரும் அளவுகள் குழம்பும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே அந்தக் குழப்பம் அதற்கு இல்லை.

இந்த இழை இரண்டு வகையில் வேலை செய்கிறது. முதலாவது, மின்வில்லின் ஒளியைப் பிடித்து நிறமாலைக் கருவிக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி ஒளிக்கோடு உண்டு. வெல்டிங் குச்சியில் ஈரம் ஏறியிருந்தால் ஹைட்ரஜனுக்குரிய 656 நானோமீட்டர் சிவப்புக் கோடு தலைகாட்டும். ஹைட்ரஜன் புகுந்த இரும்பு ஓரிரு நாள் கழித்தும் வெடிக்கலாம். கடற்காற்று வீசும் நம் ஊருக்கு இது முக்கியமான எச்சரிக்கை.

இரண்டாவது, இழைக்குள் நுண்ணிய வரிகளைப் பதித்து உலோகத்தின் அருகில் ஒட்டுகிறார்கள். 1978இல் கனடாவில் கென்னத் ஹில் குழுவினர் கண்டறிந்த வழி இது. அந்த வரிகள் ஒரே ஒரு அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும். சூடு 100 டிகிரி கூடினால் அந்த அலைநீளம் ஏறக்குறைய 1 நானோமீட்டர் நீளும். உலோகம் இழுபட்டாலும் அது மாறும். சில நூறு டிகிரிக்கு மேல் சாதாரண வரிகள் அழிந்துவிடும் என்பதால், உருகும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளியே வைக்க வேண்டும்.

"இந்தக் கருவி வந்தால் எங்கள் பிள்ளைகளின் வேலை போய்விடுமா?" என்று ஓர் அன்பர் கேட்டார். நியாயமான கவலைதான். வாகனத் தொழிற்சாலைகளின் லேசர் வெல்டிங்கில் ஒளிவழிக் கண்காணிப்பு ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. சிறிய பட்டறைக்கு நிறமாலைக் கருவியின் விலை கட்டுப்படியாகாது. ஆனால் கருவி குறையைக் காட்டுமே தவிர, திருத்தாது. திருத்த அனுபவமுள்ள கை வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இணைப்பு விட்டுப்போனால் முதலில் பழி விழுவது வெல்டர் மீதுதான். வாயு தீர்ந்ததாலா, குச்சி நனைந்திருந்ததாலா, கை தவறியதாலா என்பதை விநாடிவாரியாகப் பதிந்து வைக்கும் கருவி, நேர்மையான தொழிலாளிக்குச் சாட்சியாக நிற்கும். ஆகவே, தொழிற்பயிற்சிக்குப் போகும் நம் இளைஞர்கள் வெல்டிங் பிடிப்பதோடு, திரையில் ஓடும் அந்தக் கோடுகளைப் படிக்கவும் கற்றுக்கொள்ளட்டும்.