உப்பு ஒத்தடமா, ஐஸ் ஒத்தடமா?

பள்ளி விளையாட்டு விழாவில் ஓடி முடித்த அன்று ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை எழுந்தால் கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிப் போயிருக்கும். மாடிப்படி இறங்குவதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும், இல்லையா?

ஒரு நாள் ஓட்டத்துக்கே இப்படி என்றால், 15 நாட்கள் நடந்தவர்களை நினைத்துப் பாருங்கள்! 1930 ஏப்ரல் 13ம் தேதி, ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சியில் இருந்து கிளம்பினார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாக ஏறக்குறைய 240 கிலோமீட்டர் நடந்து, 28ம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். எல்லாம் அகத்தியம்பள்ளியில் ஒரு பிடி உப்பு அள்ளத்தான்.

அந்தக் கல்லுப்புதான் நம் பாட்டிமார்களின் கால்வலி மருந்தும்! வாணலியில் வறுத்து, துணியில் முடிந்து, வலிக்கிற இடத்தில் ஒற்றி ஒற்றி எடுப்பார்கள். சூடு பட்டதும் ரத்தக் குழாய்கள் விரியும். ரத்த ஓட்டம் கூடும். இறுகிய தசை இளகும். வறுக்கும்போது உப்பு ‘பட் பட்’ என்று வெடிக்கிறதே, ஏன் தெரியுமா? படிகத்துக்குள் சிக்கிக் கிடக்கும் துளி நீர் ஆவியாகி, உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. கண்ணில் தெறிக்கலாம். அதனால் வறுப்பது அம்மா வேலை. உங்கள் வேலை காலை நீட்டுவது மட்டும்!

ஓடிய மறுநாள் வருகிற வலிக்கு லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். அது ஓரிரு மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடும். பழக்கமில்லாத வேலை செய்ததால் தசை நார்களில் ஏற்படும் மிக நுண்ணிய சேதம்தான் உண்மையான காரணம். இரண்டு, மூன்று நாளில் தானே சரியாகிவிடும். அதுவரை சூடு இதமாக இருக்கும்.

ஆனால், கபடி ஆடும்போது கணுக்கால் பிசகி, ‘புசுபுசு’வென்று வீங்கிவிட்டால்? அப்போதும் உப்பு ஒத்தடம் என்று பாட்டி கிளம்பினால், தயங்காமல் தடுங்கள். புதுசாக அடிபட்ட இடத்தில் சூடு வைத்தால் ரத்த ஓட்டம் கூடி, வீக்கமும் கூடும். முதல் இரண்டு நாட்களுக்குக் குளிர்ச்சிதான் சரி. அது ரத்தக் குழாய்களைச் சுருக்கும். வலியை மரக்கச் செய்யும். ஐஸ் கட்டிகளை ஈரத் துணியில் சுற்றி, 10 முதல் 15 நிமிடம் வைத்தால் போதும். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து, ஆடாமல் படுத்திருங்கள். காயத்தை ஆற்றுவது ஐஸ் அல்ல, உங்கள் உடம்புதான். ஐஸ் வலியைக் குறைக்கும், அவ்வளவே.

இங்கே ஒரு குறும்புக்கார ஆசை வரும். உப்பும் நல்லது, ஐஸும் நல்லது. இரண்டையும் சேர்த்து வைத்தால்? வேண்டவே வேண்டாம்! உப்புப் பட்டால் ஐஸ் கரைந்து, பூஜ்யம் டிகிரிக்கும் கீழே, மைனஸ் 20 டிகிரி அளவுக்குக்கூடக் குளிர்ந்துவிடும். குல்ஃபிக்காரர் பானைக்குள் ஐஸோடு உப்புப் போடுவது அதற்குத்தான். குல்ஃபி உறையும், உங்கள் தோலும் உறைந்து புண்ணாகிவிடும்.

சூட்டு ஒத்தடத்துக்கும் ஒரு சோதனை உண்டு. முதலில் பெரியவர்கள் தங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே சுட்டால் உங்களுக்கும் சுடும். ரத்தம் வரும் காயத்திலும், மரத்துப்போன இடத்திலும் சூடு வைக்கக்கூடாது.

காலை ஊன்றவே முடியவில்லை, எலும்பு கோணலாகத் தெரிகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன என்றால் உப்பையும் ஐஸையும் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் ஓடுங்கள்... மன்னிக்கவும், யாரையாவது தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்!