அரிப்புக்கு ஒரே ட்யூப்

சித்திரை வெயில் ஏறினால் முதுகெல்லாம் பொரிப்பொரியாய் வேர்க்குரு. வியர்வை நாளங்கள் அடைபட்டு, வியர்வை தோலுக்குள்ளேயே தேங்குவதால் வருவது. அன்று நுங்குச் சாற்றைத் தடவி, சட்டையைக் கழற்றித் திண்ணையில் உட்கார வைத்தார்கள். குணமாக்கியது நுங்கா, வெற்று முதுகில் பட்ட காற்றா என்றால், நான் காற்றின் பக்கம். இன்று பவுடரை அப்பி, பாலியெஸ்டர் சீருடையை மாட்டிப் பள்ளிக்கு அனுப்புகிறோம்.

திட்டுத்திட்டாய்த் தடித்து, சில மணி நேரத்தில் தடமின்றி மறைவது காணாக்கடி. ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று அருகம்புல்லும் மிளகும் போட்டுக் கஷாயம் கொடுத்தார்கள். பல நேரம் பூச்சியே இருக்காது. காய்ச்சலோ, வலி மாத்திரையோ, ஒவ்வாத மீனோ உடம்பில் கிளப்பிவிட்ட ஹிஸ்டமின் என்ற ரசாயனம். தானாக அடங்கியதற்குக் கஷாயம் பெயர் வாங்கிக்கொண்டது. இன்றைய செட்ரிசின் மாத்திரை நிஜமாகவே அடக்கும். உதடு வீங்கி மூச்சு முட்டினால் மட்டும் இரண்டையும் நம்பாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சிரங்கில் கதை தலைகீழ். விரலிடுக்கில் சின்னச் சின்னக் குருக்கள், ராத்திரியானால் உயிர்போகும் அரிப்பு. ஒரு பிள்ளைக்கு வந்தால் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரையும் வரிசையாக நிறுத்திக் கந்தக எண்ணெய் பூசினார்கள். துணிகள் கொதிநீருக்குப் போயின, பாய் வெயிலுக்கு. தோலைக் குடைந்து முட்டையிடும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியைப் பற்றி அந்தப் பாட்டிகளுக்குத் தெரியாது, செய்ததென்னவோ சரி. கந்தகம் அந்த உண்ணியைக் கொல்லும். இன்றிருக்கும் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு அதைவிட வசதியானது. கழுத்துக்குக் கீழே ஓரிடம் விடாமல் பூசி, இரவு முழுக்க ஊறவிட்டுக் காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். ஆனால் அரிப்பு உள்ளவர் மட்டுமே பூசுகிறார். முதல்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை, ‘எனக்கு ஒண்ணுமில்லையே’ என்று பக்கத்தில் படுத்திருப்பவர் களிம்பு பூசியவருக்கே உண்ணியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

பூஞ்சையால் வரும் படர்தாமரைதான் மோசம். அன்று சீமையகத்தி இலையை அரைத்துப் போட்டார்கள். மெதுவாகத்தான் கேட்கும், சில சமயம் கேட்காது. இன்று மெடிக்கலில், “அண்ணே, அரிப்புக்கு ஏதாவது குடுங்க” என்றால் போதும். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த ட்யூப் கைக்கு வரும். இரண்டு நாளில் அரிப்பு போகும், பூஞ்சை போகாது. நிறுத்தியதும் தொடையிலிருந்து இடுப்புக்கு ஏறும். வட்ட வடிவம் கலைந்து டாக்டருக்கே அடையாளம் குழம்பும். தோல் மெலிந்து வரிவரியாய்க் கோடு விழும். 2018-ல் ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருந்துச்சீட்டுப் பட்டியலில் சேர்த்தது மத்திய அரசு. சீட்டு கேட்கும் கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்குக் கட்டுப்படாத பூஞ்சையும் இப்போது பரவலாகிவிட்டது. இந்தியாவின் பெயரையே தாங்கிய ‘ட்ரைக்கோஃபைட்டன் இண்டோடினியே’.

குளிர்ந்த ஈரத்துணி, காலமைன், ஒட்ட வெட்டிய நகம், தளர்ந்த பருத்தித் துணி: இவ்வளவும் வீட்டிலேயே செய்யலாம், கெடுதலில்லை. அதற்கும் அடங்காமல் டாக்டரிடம் போனால், பூசிய ட்யூபை மறைக்காமல் பையில் போட்டு எடுத்துப் போங்கள். அவர் முதலில் கேட்பதே அதைத்தான்.