திரையில் வளையும் பந்து

கணினியில் கூடைப்பந்து விளையாடியிருப்பீர்கள். திரைக்குள் புவியீர்ப்பு ஏது? பந்து மட்டும் வளைந்து விழுகிறதே, எப்படி?

எல்லாம் கணக்குத்தான்! திரைப்படம் வினாடிக்கு 60 முறை மாறுவதாகக் கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கம் வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர். ஆகவே படம் மாறும் ஒவ்வொரு முறையும் மேல்நோக்கிய வேகத்தில் வினாடிக்கு 16 செ.மீ. குறைத்தால் போதும், கிடைத்திசை வேகம் மாறாது. பந்து பரவளையப் பாதையில் செல்லும்.

பந்தை உயர்த்தி எறிவது ஏன்? வளையத்தின் விட்டம் 45 செ.மீ.; பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. பந்து 30 பாகைச் சாய்வில் இறங்கினால் அதற்குக் கிடைக்கும் வழி 22.5 செ.மீ.தான், விளிம்பில் இடிக்கும்! 45 பாகையிலோ ஏறத்தாழ 32 செ.மீ. கிடைக்கும்.

1891-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பழக்கூடையை மாட்டிய அதே 10 அடி உயரத்தில்தான் (3.05 மீட்டர்) இன்றும் வளையம் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து கைவிட்ட பந்து, பழனியருகே பாலசமுத்திரத்துத் திடலானாலும் உங்கள் ஊர்த் திடலானாலும், சுமார் 0.8 வினாடியில் தரையைத் தொடும். திரையிலோ, விளையாட்டை எழுதியவர் 9.8-க்குப் பதிலாக வேறு எண்ணை இட்டிருக்கலாம்! அங்கே பந்து உச்சியிலிருந்து ஒரு வளைய உயரம் இறங்க எவ்வளவு நேரமாகிறது? நீங்களே அளந்து பாருங்கள்!