கேப்டன் அமெரிக்கா உடையில் ஒரு கறுப்பின வீரர்: யார் இந்த ஐசையா பிராட்லி?

2021-ல் வந்த 'தி ஃபால்கன் அண்ட் தி வின்டர் சோல்ஜர்' தொடரில்தான் நம்மில் பலருக்கும் ஐசையா பிராட்லி அறிமுகம். காமிக்ஸில் அவர் 2003-லேயே வந்துட்டார். ராபர்ட் மொராலஸ் எழுதி, கைல் பேக்கர் வரைந்த 'ட்ரூத்: ரெட், ஒயிட் அண்ட் பிளாக்'. மொத்தம் 7 இதழ்கள்.

கதை நடப்பது இரண்டாம் உலகப் போர் காலத்தில். ஸ்டீவ் ரோஜர்ஸை சூப்பர் சோல்ஜர் ஆக்கிய மருந்தைத் திரும்ப உருவாக்க, கறுப்பின வீரர்கள் மேல சோதனை நடத்துது அமெரிக்க ராணுவம். பெரும்பாலானோர் செத்துப்போறாங்க. பிழைத்த ஐசையா, கேப்டன் அமெரிக்கா உடையை எடுத்து மாட்டிக்கிட்டு எதிரி முகாமுக்குள் போறார். திரும்பினதும் உடையைத் திருடியதா வழக்கு, 17 வருஷம் சிறை!

வெறும் கற்பனைதானேன்னு தோணலாம். ஆனா இதுக்குப் பின்னாடி டஸ்கீகி இருக்கு. அலபாமாவில் இருக்கும் இந்த ஊரில் 1932 முதல் 1972 வரை, அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை சுமார் 600 கறுப்பின ஆண்களை ஆய்வுக்கு உட்படுத்தியது. அவர்களில் 399 பேருக்கு சிஃபிலிஸ் இருந்தது. அதை அவங்ககிட்ட சொல்லவே இல்லை. 1940-களில் பெனிசிலின் புழக்கத்துக்கு வந்தபிறகும் கொடுக்கலை. சிகிச்சை இல்லாம நோய் எப்படி முற்றுதுன்னு பார்க்கணும், அவ்வளவுதான். அரசு மன்னிப்புக் கேட்க 1997 ஆச்சு. கேட்டவர் அதிபர் கிளின்டன்.

காமிக்ஸிலும் உண்மை தாமதமாத்தான் வருது. கடைசி இதழில் ஸ்டீவ், ஐசையா வீட்டைத் தேடிப் போறார். மருந்தின் பாதிப்பில் ஐசையாவின் மனசு குழந்தை மாதிரி ஆகியிருக்கு. கிழிஞ்ச அந்தப் பழைய உடையைப் போட்டுக்கிட்டு, ஸ்டீவோட நின்னு போட்டோ எடுத்துக்கிறார்.